இன்னும் 92,000 கட்டினால் முழுக் காசும் வருமா?

உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. கணவர் கட்டாரில். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டிலிருந்தபடியே நாளுக்கு 3,000 முதல் 8,000 ரூபா வரை உழைக்கலாம், ஹோட்டல்களுக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டால் போதும் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பதில் போட்டதும் டெலிகிராம் குழுவொன்றில் சேர்த்தார்கள். முதல் நாள் 750 ரூபாவும் இரண்டாம் நாள் 1,200 ரூபாவும் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தன. மூன்றாம் நாள் ‘முற்பண வேலை’ என்று 5,000 கட்டச் சொல்லி, பின்னேரமே 6,500 ஆகத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து மூன்று வேலை சேர்ந்த ஒரு ‘தொகுதி’: 25,000, 68,000, 145,000. நடுவில் நிறுத்தினால் போட்டதும் போய்விடும் என்றதால், கடைசித் தொகைக்காக நகையை அடகு வைத்திருக்கிறார். பிறகு ‘நீங்கள் பிழையான பொத்தானை அழுத்தியதால் குழுவில் நாலு பேருடைய காசும் முடங்கிவிட்டது’ என்று இன்னும் 60,000 வாங்கினார்கள். அதைக் கட்டி ஒன்பது நாள் ஆகிறது. இப்போது அவர்களுடைய இணையப் பக்கம் அவர் பெயரில் 412,000 ரூபா இருப்பதாகக் காட்டுகிறது. அதை எடுக்க 92,000 ரூபா ‘வரி’ கட்டவேண்டுமாம். மச்சாள் கடன் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இடையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இரண்டு தடவை யாரோ 60,000 ரூபா வீதம் இவருடைய கணக்கில் போட, 57,000 ரூபாவை வேறொரு கணக்குக்கு அனுப்பிவிட்டு 3,000 ரூபாவைத் தரகாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி செய்திருக்கிறார். ஆள் சேர்த்தால் ஆளுக்கு 2,000 என்றதால் ஒன்றுவிட்ட தங்கையையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் குழுவில் சேர்த்துமிருக்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. 92,000 கட்டலாமா? பொலிசுக்குப் போனால் தானே மாட்டிக்கொள்வாரா? காசை மீட்டுத் தருகிறேன் என்று பேஸ்புக்கில் வந்த ‘அட்வகேட்’ ஒருவர் 15,000 கேட்கிறார், கொடுக்கலாமா? செய்து கொடுக்கும் திரியைத் தாங்களே வாங்குவதாகச் சொல்லும் கம்பனியொன்றிடம் விளக்குத் திரி இயந்திரம் வாங்கினால், அந்த வீட்டுத் தொழிலாவது சரிவருமா?

அன்புள்ள சகோதரி,

92,000 ரூபாவைக் கட்டாதீர்கள். மச்சாளிடம் வாங்கியும் வேண்டாம், தவணை கேட்டும் வேண்டாம்.

திரையில் இருக்கும் 412,000

அந்தக் காசு எந்த வங்கியிலும் இல்லை. அவர்களுடைய பக்கத்தில் அவர்களே எழுதிய இலக்கம் அது. நாலு இலட்சம் என்று எழுதவும் நாற்பது இலட்சம் என்று எழுதவும் அவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே 412,000 தரவேண்டிய ஒருவர் அதில் 92,000 வரி பிடிக்கவேண்டுமென்றால், கழித்துக்கொண்டு 320,000 ரூபாவை அனுப்புவார். பிடித்துவைக்கும் வரி அப்படித்தான் நடக்கும். நிலையான வைப்பு வட்டியில் வங்கி வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கழித்ததை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவதும் வங்கியின் பொறுப்பு. முன்பின் தெரியாத ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு வரி அனுப்பச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. ‘அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. ‘சிஸ்டம் விடாது’ என்ற பதிலோடு நீங்கள் சமாதானமாகியிருக்கக் கூடாது.

92,000 கட்டினால் அடுத்ததாகக் ‘கணக்கு உறுதிப்படுத்தும் கட்டணம்’ வரும், அதற்குப் பிறகு ‘நாணய மாற்றுக் கட்டணம்’ வரும். உங்களால் எவ்வளவு புரட்ட முடியும் என்பதைப் பார்த்துத்தான் தொகை வைக்கிறார்கள். மச்சாளிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்ன பிறகுதானே 92,000 என்ற இலக்கமே வந்தது.

‘முதலில் காசு தந்தார்களே, முழுப் பொய்யென்றால் தருவார்களா’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். தந்தது 750, 1,200, 6,500. கூட்டினால் 8,450. எடுத்தது 5,000, தொகுதிக்கு 238,000, பிழைக்கு 60,000. கூட்டினால் 303,000. உங்கள் நட்டம் 294,550 ரூபா. இன்னொரு வேலையும் செய்யுங்கள். வங்கிக் கணக்கறிக்கையை எடுத்து அந்த மூன்று வரவுகளுக்கும் எதிரே உள்ள பெயர்களைப் பாருங்கள். கம்பனியின் பெயர் இருக்காது, ஆட்களின் பெயர்கள்தான் இருக்கும். அவர்களும் பெரும்பாலும் உங்களைப் போல ‘வேலைக்கு’ முற்பணம் கட்டியவர்கள். கும்பல் தன் கையிலிருந்து ஒரு ரூபாகூட உங்களுக்குத் தரவில்லை. இன்னொரு பெண்ணின் 5,000 ரூபாவில் ஒரு துண்டு உங்களுக்கு வந்தது, உங்களுடைய 68,000 ரூபாவில் ஒரு துண்டு வேறு யாருக்கோ போயிருக்கும்.

மூன்று வேலைகளை ஒரே தொகுதியாகக் கட்டியதில்தான் பொறி இருக்கிறது. 25,000 போட்டவருக்கு 68,000 புதுச் செலவாகத் தெரியாது, போட்ட 25,000 ரூபாவைக் காப்பாற்றும் வழியாகத் தெரியும். குழுவில் உங்களோடு இருந்த நாலு பேரும், ‘உங்களால் எங்கள் காசும் போகிறது அக்கா’ என்று அழுத அந்தப் பெண் உட்பட, அவர்களுடைய ஆக்கள்தான். நீங்கள் எந்தப் பிழையான பொத்தானையும் அழுத்தவில்லை. அந்தக் குற்ற உணர்வை இன்றோடு இறக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். தங்காத ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுவது, காசு ஒழுங்காக வந்திருந்தாலும், ஒரு தொழில் ஆகாது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சின்னச் சின்ன விடுதிகள் அந்த நட்சத்திரங்களை நம்பித்தான் ஆள் பிடிக்கின்றன. அங்கே அறை துப்புரவு செய்து பிழைக்கிறவர்கள் உங்கள் அயலவர்கள்.

உங்கள் கணக்கு வழியாகப் போன 114,000

இரண்டு வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அந்த 60,000 ரூபாவைப் போட்டவர் யார்? அநேகமாக ஏமாந்த இன்னொருவர். அவர் பொலிசுக்குப் போனால் அவர் கையில் இருக்கப்போகும் ஒரே பெயரும் கணக்கிலக்கமும் உங்களுடையவை. நீங்கள் 145,000 அனுப்பிய கணக்குக்காரரைக் கள்ளன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் உங்களைப் போல மூவாயிரத்துக்கு ஆசைப்பட்ட ஒருவராக இருக்கலாம். இந்தக் கும்பல்கள் தங்கள் பெயரில் ஒரு கணக்கும் வைத்திருப்பதில்லை. மற்றவர்களின் கணக்குகளை வாய்க்கால் மாதிரிப் பாவித்துக் காசை இரண்டு மூன்று கை மாற்றி எடுக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறது. ஏமாற்றி ஒருவரைப் பொருளைக் கையளிக்கச் செய்தால் 403ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறையும் தண்டமும் விதிக்கலாம். அதற்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததென்று நிரூபிக்கவேண்டும். பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வேறு கேள்வி கேட்கும்: அது குற்றத்தால் வந்த காசு என்று தெரியுமா, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்ததா? முதல் தடவை உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் தடவை ‘இது யாருடைய காசு’ என்று டெலிகிராமில் நீங்களே கேட்டிருக்கிறீர்கள். ‘கம்பனியின் உள்ளகக் கொடுப்பனவு’ என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு இரண்டு முகம் உண்டு. சந்தேகம் வந்தும் அனுப்பினீர்கள் என்று ஒரு தரப்பு சொல்லலாம். கேட்டார், பொய் சொல்லி நம்பவைத்தார்கள் என்று உங்கள் தரப்பு சொல்லலாம். அதனால்தான் வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியோடு இருந்து, நடந்ததை நாள் வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பொலிசுக்குப் போகப் பயந்து அந்தப் பகுதி உரையாடலை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. வங்கிப் பதிவு எப்படியும் இருக்கும், உரையாடல் இல்லாவிட்டால் பதிவு மட்டும் உங்களுக்கு எதிராக நிற்கும். தரகாக வந்த 6,000 ரூபாவைத் தொடாமல் கணக்கிலேயே வையுங்கள். ‘அது என் காசு’ என்று யாராவது நேரடியாகக் கேட்டாலும் உங்கள் பாட்டில் அனுப்பாதீர்கள், வங்கியோ பொலிசோ நீதிமன்றமோ சொல்லும் வழியில் மட்டும் போகட்டும். மூன்றாம் தடவை காசு வந்து விழுந்தால் அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

உங்களை விசாரிக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் 294,550 ரூபா இழந்தவராக, அடகுச் சீட்டும் கணக்கறிக்கையும் கையில் கொண்டு தானாக வந்தவருடைய நிலை ஒன்று. மூன்று மாதம் கழித்து வேறொருவரின் முறைப்பாட்டில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவருடைய நிலை வேறு. விசாரணையில் உங்கள் கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவைக்கவும் கூடும். கணவர் அனுப்பும் காசு அதே கணக்குக்குத்தான் வருகிறது என்பதால், வீட்டுச் செலவுக்கு வேறொரு கணக்கை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அதையும் வங்கியிடம் காரணம் சொல்லி, மறைக்காமல் செய்யுங்கள்.

நீங்கள் சேர்த்துவிட்ட இருவருக்கும் இன்றைக்கே நேரில் சொல்லுங்கள், குழுவில் எழுதவேண்டாம். ஆள் சேர்வதைப் பொறுத்து வருமானம் தங்கியிருக்கும் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்கிறது. நடத்துபவரை மட்டுமல்ல, ஊக்குவிப்பவரையும் அது தொடும். மத்திய வங்கி இப்படியான தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. ஒன்மேக்ஸ்டிடி, ஸ்போர்ட்செயின் போன்றவை அதில் உள்ளன. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒன்று நல்லதாகிவிடாது, பெயரை மாற்றிக்கொண்டு வர ஒரு நாள் போதும். அந்த இருவரும் காசு கட்டியிருந்தால் அவர்கள் தனித்தனியே முறைப்பாடு செய்யட்டும்.

இந்த வாரத்துக்குள் செய்யவேண்டியவை

நீங்கள் கடைசியாகக் கட்டி ஒன்பது நாள் ஆகிவிட்டதால் முதலில் ஆதாரம், பிறகு வங்கி, பிறகு பொலிஸ். (நேற்றோ இன்றோ அனுப்பிய வேறு வாசகர் யாராவது இதைப் படித்தால், எல்லாவற்றுக்கும் முன் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழையுங்கள். ஒன்லைனில் அனுப்பும் காசு சில வினாடிகளில் மற்றக் கணக்கில் விழுந்துவிடும், அனுப்பிய வங்கியால் அதைத் தானாகத் திருப்பி எடுக்க முடியாது. பெற்ற வங்கி மீதியைப் பிடித்துவைத்தால்தான் உண்டு.)

*ஆதாரம்.* டெலிகிராமில் மற்றவர் நினைத்தால் உரையாடலை உங்கள் ஃபோனிலிருந்தும் சேர்த்து அழிக்கலாம். ஆகவே பொலிசுக்குப் போகிறேன் என்று மிரட்டாதீர்கள், குழுவை விட்டு வெளியேறவும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு பக்கமாக, திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அந்த ஆட்களின் பயனர் பெயர், தொலைபேசி இலக்கம், 412,000 காட்டும் பக்கத்தின் முழு முகவரி மூன்றும் கட்டாயம் வேண்டும். கணினி இருக்கும் ஒருவரின் உதவியோடு டெலிகிராம் டெஸ்க்டொப்பில் முழு உரையாடலையும் கோப்பாக இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: திகதி, நேரம், தொகை, பெற்ற வங்கி, கணக்கிலக்கம், பெயர், கொடுக்கல் வாங்கல் இலக்கம். நீங்கள் கட்டியவை ஐந்து, உங்களுக்கு வந்தவை மூன்று, கைமாறியவை உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. மொத்தம் 12 பதிவு. ஒன்றையும் விடாமல் எழுதி மூன்று பிரதி எடுங்கள்.

*வங்கி.* கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பணம் போன வங்கிகளுக்கு அறிவித்து மீதி ஏதும் இருந்தால் நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். நியாயமான காலத்தில் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் முறையிடலாம், அவர்களும் முதலில் வங்கிக்கு எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள். ஒன்றை நேராகச் சொல்லவேண்டும்: கடவுச்சொல்லைத் திருடி யாரோ எடுத்த காசு வேறு, நீங்களே அனுப்பிய காசு வேறு. நீங்களே அனுப்பியதை வங்கி தன் பணத்திலிருந்து தருமென்று எதிர்பார்க்காதீர்கள்.

*ஃபோனும் அடையாள அட்டையும்.* அவர்கள் அனுப்பிய இணைப்பு வழியாக ஒரு செயலியை நிறுவியிருக்கிறீர்கள். அதன் படத்தை எடுத்துவிட்டு நீக்குங்கள், வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு ஃபோனிலிருந்து மாற்றுங்கள். தேசிய அடையாள அட்டையின் இரு பக்கமும், அதைக் கையில் பிடித்த படமும் அவர்களிடம் இருக்கின்றன. உங்கள் பெயரில் நீங்கள் எடுக்காத சிம் இருக்கிறதா என்று தொலைபேசிக் கம்பனிகளின் நிலையங்களில் கேளுங்கள். இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் சொந்தக் கடன் அறிக்கையை எடுத்து, தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பொலிஸ் முறைப்பாட்டில் அட்டைப் படம் போன விஷயத்தையும் சேர்த்து எழுதுவியுங்கள், பின்னால் யாராவது அதைப் பாவித்தால் அந்த வரி உங்களைக் காக்கும்.

*பொலிஸ்.* உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் முறையிடவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. எழுதுபவர் சிங்களத்தில் எழுதினால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தொகையும் கணக்கிலக்கமும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள், ஒரு இலக்கம் மாறினாலே விசாரணை வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள், பிரதிக்கு விண்ணப்பியுங்கள். கணக்குக்காரர்களின் விவரத்தை வங்கியிடமிருந்து எடுக்கப் பொலிஸ் நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டுக் கட்டளை பெறவேண்டும், அதனால் வாரங்கள் ஆகும். கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 101 என்ற இலக்கம் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டினுடையது (Sri Lanka CERT). ஆலோசனை தருவார்கள், ஆனால் அவர்கள் பொலிஸ் அல்ல, அங்கே சொன்னதால் முறைப்பாடு பதிந்ததாகாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, அந்த 12 பதிவுப் பட்டியல், கணக்கறிக்கை, அடகுச் சீட்டு இவை போதும்.

எவ்வளவு திரும்பும்? பெற்ற கணக்குகளில் மீதி இருந்தாலோ, கணக்குக்காரர் அகப்பட்டுப் பொறுப்பேற்றாலோ ஒரு பகுதி வரலாம். அப்படி ஒருவர் சமாதானம் பேச வந்தால் பொலிசிலோ நீதிமன்றத்திலோ பதிந்து மட்டும் வாங்குங்கள். முழுவதும் வந்துவிடும் என்று வைத்து நகை மீட்கத் திட்டம் போடாதீர்கள். அடகுச் சீட்டில் உள்ள கடைசித் திகதியை இப்போதே பார்த்து, அதற்கு முன் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வழி பாருங்கள்.

பேஸ்புக்கில் வந்த ‘அட்வகேட்’

கொடுக்காதீர்கள். சட்டத் தொழிலில் முன்பு இருந்த அட்வகேட், புரொக்டர் என்ற இரண்டு பிரிவும் இலங்கையில் 1970களிலேயே ஒன்றாக்கப்பட்டுவிட்டன. உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்த நாங்கள் எல்லோரும் சட்டத்தரணிகள்தான், விளம்பரம் போட்டு வழக்குத் தேட எங்கள் தொழில் விதிகள் இடம் தருவதில்லை. அதைவிட முக்கியமானது, நீங்கள் சொல்லாமலே நீங்கள் இழந்த தொகை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தொகை தெரிந்தவர்கள் உங்களிடம் எடுத்தவர்கள் மட்டுமே.

திரி இயந்திரம்

வீட்டில் திரி செய்து விற்பது நேர்மையான தொழில்தான், எங்கள் ஊரில் விளக்கு எரியாத வீடும் கோவிலும் குறைவு. நீங்கள் இணைத்திருக்கும் ஒப்பந்தம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. இயந்திரம் 165,000, பஞ்சுக்கு வைப்புப்பணம் 20,000, ஆக 185,000 ரூபா. நாளுக்கு 4 கிலோ செய்யலாம், கிலோவுக்கு 450 கூலி, மாதம் 54,000 என்கிறார்கள்.

நகைத் தராசில் நூறு திரியை நிறுத்துப் பாருங்கள். ஒரு திரி கால் கிராம் என்று வைத்தால் 4 கிலோ என்பது 16,000 திரி. ஒரு திரிக்கு இரண்டரை வினாடி என்றாலும் 11 மணித்தியாலத்துக்கு மேல், இடையில் எழும்பாமல், 30 நாளும் இருக்கவேண்டும். சமையலும் பிள்ளைகளும் போக உங்களால் நாலு மணித்தியாலம் முடியும் என்று வைப்போம். 5,760 திரி, அதாவது 1.44 கிலோ, கூலி 648 ரூபா. மாதம் 25 நாளுக்கு 16,200. மின்சாரமும் அனுப்பும் செலவும் கழிக்காமலே, போட்ட 185,000 திரும்ப 11 மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஒப்பந்தத்தின் காலமோ 11 மாதம்.

ஆறாவது பந்தியையும் பாருங்கள். ‘கம்பனிக்குத் திருப்தியளிக்கும் தரத்தில் இருந்தால்’ வாங்குவார்களாம். தரம் என்ன என்று எங்கும் எழுதவில்லை, தீர்ப்பு சொல்பவர் வாங்குபவரே. முதல் இரண்டு மாதம் எடுப்பார்கள், பிறகு நீளம் பிசகு, முறுக்குத் தளர்வு, ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். அப்போது உங்களிடம் இயந்திரமும் விற்காத திரியும் இருக்கும், அவர்கள் லாபத்தை இயந்திரம் விற்ற நாளிலேயே எடுத்திருப்பார்கள்.

அவர்களிடம் மூன்றே கேட்டுப் பாருங்கள். இருவரும் கையெழுத்திட்டு மூடி முத்திரையிட்ட மாதிரித் திரியொன்றை ஒப்பந்தத்தோடு வைப்பார்களா? நிராகரித்தால் ஏழு நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தருவார்களா? இயந்திரத்தின் பாதி விலையை என் கூலியில் மாதாமாதம் கழித்துக்கொள்வார்களா? திரி தேவைப்படும் கம்பனி மூன்றாவதற்கு இறங்கி வரும், இயந்திரம் விற்பதுதான் தொழில் என்றால் வராது.

அவர்கள் காட்டிய பதிவுச் சான்றிதழை அளவுக்கு மேல் நம்பவேண்டாம். அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். தொழிலை அரசாங்கம் சோதித்து அனுமதித்ததாக அர்த்தமில்லை. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். தனியாள் வியாபாரப் பெயர் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வேறொரு கம்பனியின் சான்றிதழைப் படமெடுத்து அனுப்புவதும் நடக்கிறது. சான்றிதழில் உள்ள முகவரிக்கு நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

இயந்திரத்துக்கு முன் சந்தையைப் பாருங்கள். பத்திரகாளி அம்மன் கோவிலைச் சுற்றியும் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலும் உள்ள பூசைச் சாமான் கடைகளில், கிலோ திரியை என்ன விலைக்கு எடுக்கிறார்கள், மாதம் எவ்வளவு ஓடும், விளக்கீட்டுக்கும் நவராத்திரிக்கும் எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதுங்கள். கையால் திரித்த இரண்டு கிலோவைக் கொடுத்துப் பாருங்கள். நாலு கடை திரும்பக் கேட்டால், அப்போது சின்ன இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்தக் கம்பனி சந்தை விலையைவிடக் கூட்டி வாங்குகிறேன் என்கிறதா என்பதும் அப்போது தெரியும். கூட்டி வாங்கி நட்டத்தில் விற்க ஒரு வியாபாரியும் வரமாட்டார்.

கணவருக்குச் சொல்லாமல் முடித்துவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி நீங்கள் சொல்லியாகவேண்டிய கடமை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அனுப்பும் காசு விழும் கணக்கு இது. நாளைக்கு வங்கியிலிருந்தோ ஊரில் யாராவது மூலமோ அவர் காதுக்குப் போவதைவிட, முறைப்பாடு கொடுத்த அன்று இரவே உங்கள் வாயால் கேட்கட்டும். இழந்தேன், முறைப்பாடு செய்துவிட்டேன், இனி ஒரு சதமும் கொடுக்கப்போவதில்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல அன்றைக்கு உங்களால் முடியும்.

மச்சாளிடம் 92,000 ரூபாவைக் கேட்பதற்குப் பதிலாக, பொலிஸ் நிலையத்துக்குத் துணையாக வரச் சொல்லிக் கேளுங்கள். 12 பதிவுகளையும் சொல்லி எழுதி முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகலாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் முடியாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிவரவும் ஒருவர் வேண்டும்.